உடுக்கையும் ஒரு நெளிகோடும்

ஆடி நெருங்கினால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் குலசாமிப் பாட்டுகளுக்குக் கிராக்கி கூடிவிடும். பதிவுக்குச் சென்னை போகும் கட்டாயம் இப்போது இல்லை. லேப்டாப், மைக், சுவரில் கொஞ்சம் ஃபோம் இருந்தால் வீட்டு அறையே ஸ்டுடியோ. அப்படியோர் அறையில் தெரிந்த தம்பி ஒருவர் உடுக்கைப் பாட்டு ஒன்றை மிக்ஸ் செய்துகொண்டிருந்தார். காதில் ஹெட்போன், கண்ணோ திரையில் நெளியும் கோட்டை விட்டு அகலவில்லை. ஸ்பெக்ட்ரம் அனலைசர். இடது ஓரம் 20 ஹெர்ட்ஸ், வலது ஓரம் 20,000; எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று மேடு பள்ளமாகக் காட்டும்.

"இந்த இடம் துருத்திக்கிட்டு நிக்குது பாருங்கண்ணே" என்று, அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் அந்த மேட்டை வெட்டினார். உடுக்கை சவசவத்துப் போனது.

காரணம் உடுக்கையிலேயே இருக்கிறது. இடுப்புக் கயிற்றைக் கை இறுக்கினால் தோல் விறைத்துச் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஓரிடத்தில் நிற்காத ஓசை அது. அனலைசரோ கோடு படபடக்காமலிருக்கக் கொஞ்ச நேரத்துச் சராசரியை எடுத்துக் காட்டுகிறது. அதனால் சுருதி வழுக்கிப்போகும் வழி முழுவதும் ஒரே தடித்த மேடாகத் தெரியும். அதை வெட்டினால் போவது மிகைச் சத்தம் அல்ல, உடுக்கையின் கெஞ்சலும் அதட்டலும்தான்.

காதை முதலில் நம்பியதற்கு நல்ல முன்மாதிரி ஒருவர் உண்டு: ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டக் கணக்கில் நம்மூர்க்காரரான சர் சி.வி. ராமன். 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் அவர் தோல்வாத்தியங்களை ஆராய்ந்தார். சாதாரணத் தோலின் மேலதிர்வுகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் சிதறும். மிருதங்கத்திலோ வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவே ஏற்றிய கருஞ்சாந்தின் எடை அவற்றை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. பின்னாளில் தோல்மேல் மணலைத் தூவி அதிர்வின் கோலங்களையும் பதிவு செய்தார். மிருதங்கம் இனிக்கிறது என்று காது சொன்னதை ஏற்றுக்கொண்டு, ஏன் என்று கேட்கப்போனவர் அவர். நம் தம்பிகளோ கோட்டை முதலில் பார்க்கிறார்கள்.

அந்தக் கோடு நேராக இருக்க வேண்டும் என்பது இன்னொரு பிடிவாதம். பொதுவாக இசையின் ஆற்றல் கீழ்ச்சுருதியில் கூடுதல், மேலே போகப் போகக் குறையும். அந்தச் சரிவை ஈடுகட்டப் பல அனலைசர்களில் ஆக்டேவுக்கு 3 அல்லது 4.5 டெசிபல் சாய்வு வைத்துக்கொள்ளலாம். சாய்வை மாற்றினால் அதே பாட்டு வேறு வடிவம் காட்டும். எந்த வடிவத்தை நம்புவது?

போதாததற்கு, இந்தப் பாட்டு போய்ச் சேருமிடம் கோயில் மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கர். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் எதுவும் உருப்படியாக வராது. திரையில் பார்த்துப் பார்த்து ஏற்றிய பேஸ் அங்கே வீண். அடியோசை வராவிட்டாலும் மேலதிர்வுகள் கேட்டால் காதே அதை ஊகித்துக்கொள்ளும். பேஸைக் கூட்டுவதைவிட அவற்றைத் தூக்கிவிடுவது பலன் தரும்.

ஆனால் கரண்ட் இரைச்சல் விஷயத்தில் என் வாக்கு அனலைசருக்கே. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் 50, 100, 150 என்று ஊசி ஊசியாக நிற்கும். மலிவு ஹெட்போனில் அந்த 50 காதுக்கு எட்டாது, திரையில் தப்பாது. ஊசியளவே வெட்ட வேண்டும். அகலமாக வெட்டினால் ஆண் பாடகரின் அடிக்குரலும் சேர்ந்து போய்விடும்.