பிழை திருத்தக் கற்பிப்போம்

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை 1842-ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேற்றியவர் காயல்பட்டினம் சேகனாப் புலவர். பல இடங்களில் தேடித் திரட்டிய ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கியே அப்பெரும்பணியை அவர் நிறைவேற்றினார். நம் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உருவாகத் தொடங்கிய காப்பியம் அவ்வாறே அச்சு வடிவம் பெற்றது.

அத்தகைய பணியில் இன்று நம் மாணவர்களும் பங்குகொள்ள இயலும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் இணையத்தில் ஏற்றினர். பின்னர் வந்த தமிழ் விக்கிமூலத்திலோ நூற்பக்கத்தின் படம் ஒருபுறமும், கணினி படித்தெடுத்த எழுத்து மறுபுறமும் தோன்றுகின்றன. கணினி காலுக்கும் ரகரத்துக்கும் இடையே மயங்கும். ஒற்றின் புள்ளியைத் தவறவிடும். ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் சரிபார்த்த பின்னரே அது பச்சையாகும்.

சந்தி விதிகளைத் தடையின்றி ஒப்புவிக்கும் மாணவரும் தம் கட்டுரையில் ஒற்றினை விட்டுவிடுகின்றனர். நாம் சிவப்பு மையால் சுழிக்கிறோம். அவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்கின்றனர். பிறர் நூலைத் திருத்தும்போது நிலை வேறு. எது கணினியின் பிழை, எது நூலாசிரியரின் வழக்கு என ஒவ்வோர் எழுத்திலும் நின்று ஆராய வேண்டியுள்ளது. 'உமறு' என்பதில் றகரம் நிற்பதைக் கண்டு அதனை 'உமர்' எனத் திருத்த முனையும் மாணவரிடம், அரபுச் சொல் தமிழேறிய வரலாற்றையே நாம் பேசத் தொடங்கலாம். இலக்கண வகுப்பில் இவ்வாய்ப்பு எளிதிற் கிட்டுவதில்லை.

கூட்டுப் பணியில் யார் உழைத்தார் என அறிவது எங்ஙனம் என்பர். ஒரு மாணவி எழுத, நால்வர் பெயர் எழுதிக்கொள்ளும் ஒப்படைவுகளை நாம் அறியாதவர்களா? இங்கோ ஒவ்வொரு திருத்தமும் நாள், நேரத்துடன் பக்க வரலாற்றில் பதிவாகிறது. பெண் மக்களின் பெயர் பொதுவில் வருவதற்குத் தயங்கும் பெற்றோர்க்கும் கவலை வேண்டா, புனைபெயரே போதும்.

கல்லூரிகள் பலவற்றின் கணினி அறை நேர அட்டவணையில் தமிழ்த்துறைக்கு இடமே இல்லை. கைப்பேசித் திரையில் இப்பணி செய்தல் அரிது. வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குமாறு நிருவாகத்தினரை வேண்டுகிறோம்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தேவிபட்டினத்திலும் வீட்டு அலமாரிகளில் பழைய அச்சு நூல்கள் இருக்குமாயின் தெரிவியுங்கள். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்த நூல்களுக்குப் பதிப்புரிமைத் தடையில்லை. நூல் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதுமில்லை. படமெடுக்க எம் மாணவர்களே வருவர்.