கடைமடையின் பாவ அறிக்கை

ஞாயிறுதோறும் சபையாக முழங்காலிட்டுப் பாவ அறிக்கை செய்கிற ஊர், தாமிரபரணிக் கடைமடையில் இருக்கும் நம் நாசரேத். செய்த குற்றங்களோடு, செய்யாமல் விட்டவற்றையும் சேர்த்தே அதில் சொல்கிறோம். அப்படிச் சொல்லவேண்டிய ஒன்று நம்மிடம் வெகுகாலமாகப் பாக்கி இருக்கிறது. நம்மைச் சுற்றி வாழும் உயிர்களை நாம் கவனிக்கவில்லை. அவற்றைக் கவனிப்பதற்கென்றே ஆயுளைக் கொடுத்தவர்களையும் கண்டுகொள்ளவில்லை.

காட்டுயிர் அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 2024 ஜூன் 7 அன்று காலமானார். நமக்குப் பக்கத்து நாங்குநேரிக்காரர். அவர் யார் என்றே நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. படிப்புக்குப் பேர்போன ஊர் என்று மார்தட்டுகிற நாம், பிள்ளைகளுக்கு டாக்டரையும் இன்ஜினியரையும் காட்டிய அளவுக்கு இப்படியொரு மனிதரைக் காட்டவில்லை.

சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டங்களின் பின்னாலேயே நடந்தார். கண்டதையெல்லாம் கொன்று போடும் துஷ்ட மிருகம் என்றுதான் செந்நாய்க்கு அப்போது பெயர். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அதைக் கொன்றவனுக்குச் சன்மானம் கிடைத்தது. ஜான்சிங் அதன் எச்சத்தைத் தேடிப் பொறுக்கினார். அலசிய எச்சத்தில் மிஞ்சுகிற மயிரையும் எலும்புத் துணுக்கையும் வைத்துத்தான் தின்றது புள்ளிமானா கடமானா என்று முடிவுகட்ட முடியும். நாற்றம் பிடித்த, பொறுமையைச் சோதிக்கிற வேலை அது. செந்நாய் பசிக்கே வேட்டையாடுகிறது, கூட்டமே சேர்ந்து குட்டிகளுக்கு இரையைக் கக்கி ஊட்டி வளர்க்கிறது என்பதெல்லாம் அந்தப் பொறுமையால் துலங்கியவை.

1985 முதல் 2005 வரை டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் பணியாற்றி, ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார். எங்கே இருந்தாலும் சொந்த மலையை மறக்கவில்லை. களக்காடு முண்டந்துறைக் காடு உலகத்துக்கே பொதுவான சொத்து என்று 2001இல் ஆய்விதழில் கட்டுரை எழுதினார். 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆன அந்தக் காட்டிலிருந்துதான் தாமிரபரணி இறங்கி வருகிறது. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தில் தென்கால் வாய்க்கால் பிரிந்து நம் கடம்பாகுளத்துக்கு வருகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்யத் தெரிந்த நமக்கு, அந்தத் தண்ணீரைச் சுரக்கும் காட்டில் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

மலை தூரம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். குளம் தூரமில்லையே! கோழிக்கழிவு மூட்டையைக் குளக்கரையில் வீசியவர்கள் நாம். உள்வாயில் சீமைக்கருவேலம் அடர்ந்தபோது விறகுக்கு ஆச்சு என்று விட்டவர்கள் நாம். கண்ணியில் மாட்டிய கொக்கையும் நீர்க்கோழியையும் விலை பேசி வாங்கியவர்களும் நாம்தான். 2023 டிசம்பர் 17, 18இல் வானம் பிளந்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, குளங்கள் உடைந்து வீடுகளுக்குள் வெள்ளம் வந்தபோதுதான் குளம் என்று ஒன்று இருப்பதே பலருக்கு உறைத்தது. கரையை உயர்த்தச் சொல்லி மனுக் கொடுத்தோம். அந்தக் குளத்தை நம்பி வாழ்கிற பறவைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

எழுதியிருக்கவும் முடியாது. கைவசம் கணக்கு வேண்டுமே! 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் சூழலியல் ஆய்வு அமைப்பான ஏட்ரியின் மணிமுத்தாறு மையம், தன்னார்வலர்களைக் கூட்டி தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறது. வெயில் ஏறுமுன் கரையில் நின்று, கூட்டத்தில் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அதே அளவில் எத்தனை பத்து என்று கண்ணாலேயே அளந்து போகிறார்கள். நத்தைகுத்தி நாரை எத்தனை, கூழைக்கடா எத்தனை, தண்ணீர் எவ்வளவு, கரையில் குப்பை உண்டா என்று தாளில் குறிக்கிறார்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பள்ளிப் பிள்ளை பழகிக்கொள்ளலாம். பொங்கல் விடுமுறையில் ஒரு காலைப்பொழுதைத் தரக்கூட நமக்கு மனம் வரவில்லை.

நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்காரர்களும் நம்மைப் போன்ற விவசாயிகள்தான். அவர்கள் வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் கிளையை வெட்டமாட்டார்கள், வெடி போடமாட்டார்கள். 1994இல் அரசு கூந்தன்குளத்தைச் சரணாலயம் ஆக்கும் முன்பே அந்த ஊரார் பறவைகளைக் காத்து வந்தார்கள். ஆகவே, அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்ற சாக்கும் நமக்கு இல்லை.

அறிக்கை செய்தால் மட்டும் போதாது, திருந்தவும் வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் ஒரு குளத்தை ஏற்று மாதம் ஒருமுறை எண்ணட்டும். வாலிபர் சங்கங்கள் கூடப் போகட்டும். வருகிற ஜனவரியில் நம் ஆட்கள் கடம்பாகுளத்துக் கரையில் நிற்கட்டும். பத்து வருஷக் கணக்கு கையில் இருந்தால், குளத்தில் கைவைக்க வருகிறவனிடம் ஆதாரத்தோடு பேசலாம். வெறும் கையோடு கத்தினால் கடைமடைக்காரன் குரலை எவனும் மதிக்கமாட்டான்.