மரக்கால் மழையும் கணிப்பொறிக் கணக்கும்

வருஷப் பிறப்பன்று பஞ்சாங்கம் படிக்கின்ற வழக்கம் நம் தாமிரபரணிக் கரையில் இன்னும் ஒழிந்தபாடில்லை. இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, பூமிக்கு இவ்வளவு என்று பங்கும் பிரித்து விடுகின்றார்கள். எந்த ஊரில் எவ்வளவு என்று கேட்டால் மாத்திரம் பதில் கிடையாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், குமரிக் கடல் பக்கம் எழுந்த காற்றுச் சுழற்சியால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிற்று. நம் முக்கூடல் வழியாக ஓடும் ஆறு பெருகி, திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களை மூழ்கடித்தது. அது எந்த மரக்காலில் அடங்கிற்று என்று நாம் கேட்கின்றோம்.

“வானிலை இலாகாவுந்தானே தவறிற்று?” என்பார்கள் வைதீகர்கள். ஆம், தவறிற்று. 20 செ.மீ.க்கு மேற்பட்டதையெல்லாம் “அதி கனமழை” என்று ஒரே பெயரால் சொன்னார்களேயல்லாமல், 95 செ.மீ. வருமென்று சொல்லவில்லை. இதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால், அந்தத் தவறு அளக்கப்பட்டது. சந்தியில் வைத்துக் கண்டிக்கப்பட்டது. பஞ்சாங்கத்தின் தவறை யார், எந்த நாளில் அளந்தார்கள்?

கணிப்பொறி ஜோசியம் சொல்வதில்லை. ஆகாயத்தைக் கட்டங்கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள காற்று, சூடு, ஈரம், அழுத்தம் ஆகியவற்றை வைத்துக் கணக்குப் போடுகின்றது. ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் கையாலேயே இக்கணக்கைப் போட்டுத் தோற்றார். தோல்வியை ஒளிக்காமல் 1922-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். அதிலிருந்து கற்றவர்கள் 1950-ல் இயந்திரத்தால் போட்டார்கள். நம் நாட்டிலும் 12 கிலோ மீட்டராயிருந்த கட்டம் 2025-ல் 6 கிலோ மீட்டராயிற்று. கட்டம் சிறுக்கச் சிறுக்க, ஒரு தாலுகாவில் கொட்டி அடுத்த தாலுகாவில் ஓய்கின்ற மழையும் கணக்கில் பிடிபடும்.

இதனால் என்ன லாபம் என்பீர்களாயின், ஒரிசாவைப் பாருங்கள். 1999 புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது, முன்னறிவிப்பை நம்பிச் சுமார் 10 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். செத்தவர்கள் ஐம்பதைத் தொடவில்லை. காத்தது கணக்கும் மனித முயற்சியுமேயன்றி, சாந்தியோ யாகமோ அல்ல.

ஆகவே, ஊர்தோறும் மழைமானி வேண்டும், பீடி சுற்றும் பெண்ணுக்கும் விளங்கும் தமிழில் எச்சரிக்கை வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த சித்திரையில் பஞ்சாங்கம் சொல்வதைப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வையுங்கள். வானிலை இலாகா சொல்வதையும் பக்கத்தில் எழுதுங்கள். மார்கழியில் இரண்டையும் மழைமானியோடு ஒத்துப் பாருங்கள். வானிலைக்காரர்கள் இச்சோதனைக்கு அஞ்சமாட்டார்கள். பஞ்சாங்கக்காரர்கள் வருவார்களா?