காட்டைக் காட்டிக் காசு வாங்குவோரே பொறுப்பு

2021 ஜனவரி 23. வயநாடு மேப்பாடியில் காட்டை ஒட்டிய தனியார் விடுதி ஒன்றில் தங்கியிருந்த இளம்பெண்ணை இரவில் யானை மிதித்துக் கொன்றது. அவருக்குக் கொடுக்கப்பட்ட இடம் துணிக்கூடாரம். யானை நடமாடும் மலையில், கும்மிருட்டில், அவருக்கு இருந்த ஒரே மறைப்பு அந்தத் துணிதான். கூடாரம் அடிக்க முறையான அனுமதியும் இல்லை. மாவட்ட நிர்வாகம் விடுதியை மூடியது. உயிர் போன பிறகு மூடியது.

அதற்கு நான்கு நாள் முன்பு மசினகுடியில் ஒரு யானை செத்தது. தங்கும் விடுதிப் பக்கம் வந்த அதன் மேல் தீயை எறிந்திருந்தார்கள். காது வெந்த அந்த யானை புண்ணோடு அலைந்து மடிந்தது.

இரண்டு சாவுக்கும் காரணம் ஒன்றே. யானையின் வழியில் கட்டிலைப் போட்டுக் காசு பார்த்தவர்களின் பொறுப்பின்மை.

இந்த அலட்சியம் இங்கு மட்டும் இல்லை. 2016 ஜூனில் அமெரிக்காவின் டிஸ்னி விடுதி ஏரிக்கரையில் இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துச் சென்றது. நீந்தாதீர் என்று பலகை இருந்தது. முதலை உண்டு என்ற எச்சரிக்கை இல்லை. வேலியும் பலகையும் குழந்தை செத்த பிறகே வந்தன. வசதியில்லாத நிறுவனமா அது? அக்கறைதான் இல்லை.

மலையடிவாரத்தில் வாழும் கடையநல்லூர் மக்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. வடகரையிலும் மேக்கரையிலும் யானை தோப்புக்குள் புகுந்து தென்னங்குருத்தைப் பிடுங்கித் தின்கிறது. விவசாயி வெடி போட்டு விழித்துக் கிடக்கிறார். 2022 நவம்பரில் கடையம் அருகே கரடி மூன்று பேரைக் குதறியது. இதே மலையடிவாரத்தில்தான் விடுதிகள் சாரலையும் அருவியையும் சொல்லி ஆள் சேர்க்கின்றன. அருவி நீரையே திருப்பிச் செயற்கை அருவி அமைத்த விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்க, அதே 2022-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. நீதிமன்றம் சொல்லும் வரை அதிகாரிகள் கண்ணில் அது படவில்லை.

காடு பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே கூடுதல் வாடகை வாங்குகிறார்கள். அந்தக் காட்டில் என்ன இருக்கிறது என்று விருந்தாளியிடம் சொல்வது அவர்கள் கடமை. வருமானம் விடுதிக்கு, இழப்பீட்டுச் சுமை அரசுக்கு என்ற கணக்கை ஏற்க முடியாது. விடுதியின் அலட்சியத்தால் உயிர் போனால் இழப்பீட்டை விடுதி கொடுக்க வேண்டும். வழக்கு முதலாளி மீது பாய வேண்டும். காவலாளி மீது மட்டும் அல்ல.

மாவட்ட ஆட்சியரும் வனத்துறையும் சுற்றுலாத் துறையும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். காட்டோரக் கூடாரங்களை உடனே அகற்றுங்கள். இரவில் விருந்தாளி வெளியே போக நேராதபடி கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கட்டும். மிச்சச் சோற்றையும் பழத்தோலையும் வெளியே கொட்டும் விடுதிக்குப் பூட்டுப் போடுங்கள்; விலங்கை வரவழைப்பதே அந்தக் குப்பைதான். இரவுக் காவலுக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அறைச் சாவியோடு எச்சரிக்கையும் தமிழிலும் மலையாளத்திலும் கையில் தரப்பட வேண்டும்.

ஜூனில் சாரல் சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு விடுதியையும் நேரில் சோதியுங்கள். தேறியது எது, தேறாதது எது என்று பெயரோடு வெளியிடுங்கள். தேறாத விடுதியில் ஓர் அறைகூடத் திறக்கக் கூடாது.