எம்.ஏ. பட்டமும் எதிர்க்கேள்வியும்

நம் நாட்டில் ஒருவன் எம்.ஏ. பாஸ் செய்துவிட்டான் என்றால், அவன் எதை ஆராய்ந்தான், என்ன கண்டான் என்று யாரும் விசாரிப்பதில்லை. எத்தனை மார்க்கு, என்ன சம்பளம் வரும், கலியாணச் சந்தையில் என்ன விலைக்குப் போவான் என்பதுதான் விசாரணை. பெண்ணாயிருந்தாலோ, "இவ்வளவு படித்துவிட்டாளே, இனி மாப்பிள்ளைக்கு எங்கே போவது?" என்பது கவலை. படிப்பு என்பது அறிவுக்கு என்பது போய், பூணூலைப் போல ஒரு அடையாளத்துக்கு என்றாகிவிட்டது.

அரசியல் விஞ்ஞானத்தில் எம்.ஏ. படிக்கும் பிள்ளைகளில் பலர், கடைசிப் பருவத்தில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, பரீட்சகர்கள் முன் உட்கார்ந்து, கேட்கிற கேள்விகளுக்கு வாய்மொழியாகப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு காரியத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். இது ஏதோ காலேஜ் சங்கதி, நமக்கென்ன என்று கிராமத்துத் தோழர்கள் தள்ளிவிட வேண்டாம். நம் இயக்கம் எந்தக் குணத்துக்காகப் பாடுபடுகிறதோ அந்தக் குணம் இந்த ஒரு பரீட்சையில்தான் அடங்கியிருக்கிறது.

எப்படி என்றால், சாஸ்திரம் என்ன சொல்லுகிறது? முன்னோர் சொன்னார்கள், ரிஷி சொன்னார், ஆகவே நம்பு. ஏன் என்று கேட்டால் நாஸ்திகன் என்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரையின் விதி அதற்கு நேர் விரோதமானது. முதலில் ஒரு கேள்வி வேண்டும். அந்தக் கேள்விக்கு முன்னே எழுதியவர்கள் என்ன பதில் சொன்னார்கள், அதில் என்ன குறை என்று காட்ட வேண்டும். பிறகு உன் பதில் என்ன, அதற்கு ருஜு என்ன, அந்த ருஜுவை எங்கே, எப்படிச் சேகரித்தாய் என்று சொல்ல வேண்டும். கடைசியில், உன் பதில் தப்பு என்று ஒருவர் வாதிட்டால், எதிரே உட்கார்ந்து சமாதானம் சொல்ல வேண்டும். இதைவிடப் பெரிய பகுத்தறிவுப் பயிற்சி வேறு என்ன இருக்கிறது?

இதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். டாக்டர் அம்பேத்கர், பரோடா மகாராஜா கொடுத்த உதவிச் சம்பளத்தில், 1913-ல் நியூயார்க்கு நகரத்தில் உள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் அங்கே படித்த இலாகாவுக்கே அரசியல் விஞ்ஞானப் பிரிவு என்றுதான் பெயர். 1915-ல் எம்.ஏ. பட்டத்துக்காக, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றி ஒரு ஆராய்ச்சி எழுதிக் கொடுத்தார். எந்த ஊர்க் கம்பெனி நம் மக்களிடம் வரி வசூலித்ததோ அந்தக் கம்பெனியின் கணக்கையே, பள்ளிக்கூடத்தில் தனியாகக் கோணியில் உட்காரவைக்கப்பட்ட பையன் புரட்டிப் பார்த்து எழுதினார் என்றால், அது சாதாரணக் காரியமா?

மறு வருஷம், 1916 மே 9-ந் தேதி, கோல்டன்வைசர் என்ற ஆசிரியரின் வகுப்பில், இந்தியாவில் ஜாதிகள் உண்டானதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. ஜாதியைப் பற்றி அதுவரை எழுதிய செனார்ட், நெஸ்பீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலித்துவிட்டு, ஜாதியின் உயிர்நாடி தன் ஜாதிக்குள்ளேயே கலியாணம் செய்துகொள்வதில்தான் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். உடன்கட்டை ஏறுதலும், விதவைக் கொடுமையும், குழந்தைக் கலியாணமும் தனித்தனிப் பாவங்கள் அல்ல. ஜாதிக் கட்டுக்குள் ஆண் பெண் கணக்கு மிஞ்சாமல் வைத்துக்கொள்ளச் செய்த தந்திரங்கள் என்றார். இவ்வளவும் சொல்லிவிட்டு, தம் கொள்கை ஆதாரமற்றது என்று காட்டப்பட்டால் அதைக் கைவிடவும் தாம் தயார் என்று முடித்தார். எந்த வேதமாவது, எந்தப் புராணமாவது இப்படி முடிந்ததாக யாராவது காட்ட முடியுமா?

பிறகு லண்டனில் டி.எஸ்ஸி. பட்டத்துக்காக ரூபாய் நாணயப் பிரச்சினையைப் பற்றி எழுதினார். முதலில் கொடுத்த கட்டுரை ஏற்கப்படவில்லை. அவர் ஜாதகத்தைப் புரட்டவில்லை. சனி பார்வை என்று எள்விளக்கு ஏற்றவில்லை. திருத்தி எழுதி 1923 ஆகஸ்டில் மறுபடியும் கொடுத்தார். நவம்பரில் பட்டம் கிடைத்தது. அது புத்தகமாக வந்தபோது முன்னுரை எழுதிய பேராசிரியர் எட்வின் கானன், இந்த மாணவரின் பல முடிவுகளைத் தாம் ஒப்பவில்லை என்று அந்த முன்னுரையிலேயே சொல்லி, ஆனாலும் நூலைப் பாராட்டியிருக்கிறார். மாணவன் தன்னோடு மாறுபடுகிறான், வாதத்தில் சரக்கு இருக்கிறது, ஆகவே பாராட்டுகிறேன் என்பது அந்த ஆசிரியரின் யோக்கியதை. நம் புராண ஆசிரியரோ, பாடமே சொல்லிக்கொடுக்காமல் ஏகலைவனின் கட்டைவிரலைத் தட்சிணையாக வாங்கினார். இந்த இரண்டில் எது குரு லட்சணம் என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நிற்க, இன்று நம் காலேஜுகளில் நடப்பதென்ன? கட்டுரைக்குத் தலைப்பு கொடுப்பவர் ஆசிரியர். மாணவனுக்கு என்ன சந்தேகம், எதை அறிய ஆசை என்று கேட்பாரில்லை. பழைய கட்டுரை ஒன்றைப் பிடித்து, ஊர்ப் பெயரையும் வருஷத்தையும் மாற்றி, ஜெராக்ஸ் கடையில் பைண்டு போட்டுக் கொடுப்பவர் உண்டு. இப்போது கம்ப்யூட்டரே எழுதித் தந்துவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் இதற்கென விதி செய்து, நூற்றுக்குப் 10 பங்குக்கு மேல் பிறர் எழுத்தாயிருந்தால் திருத்தி எழுத வேண்டும், 60 பங்குக்கு மேல் போனால் பதிவே ரத்து என்று வைத்திருக்கிறது. திருட்டைப் பிடிக்க விதி வந்ததே தவிர, சிந்திக்கச் செய்ய வழி வரவில்லை. இதோடு, கட்டுரையைப் பிள்ளையார் காலில் வைத்து எடுப்பதும், வாய்மொழிப் பரீட்சைக்கு நல்ல நேரம் பார்ப்பதும், பரீட்சகருக்குச் சால்வையும் பழத்தட்டும் வாங்கி வைப்பதும் வேறு! அரசியல் விஞ்ஞானம் படித்தவனுக்கு ராகு காலம் எதற்கு?

அடுத்தவர்களை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. நம் இயக்கத்துப் பிள்ளைகளிடமும் ஒரு குறை இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறோம்.

மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் ஜில்லாவில் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊர்களின் பஞ்சாயத்துத் தலைவர் பதவி 1996-ல் ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதிலிருந்து பத்து வருஷம் அங்கே ஒழுங்கான தேர்தல் இல்லை. மனுப்போட ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. கடைசியில் 2006 அக்டோபரில்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் நிலைத்தார்கள். நம் இளைஞர் ஒருவர் இதைப்பற்றி எம்.ஏ. கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஜாதி ஆணவமே காரணம்" என்று எழுதிவிட்டு வருவார். மேடையிலே சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பரீட்சகர் கேட்பார்: "ஐயா, ஜாதி ஆணவம் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட மற்ற எத்தனையோ ஊர்களில் தேர்தல் நடந்ததே, இந்த நான்கில் மட்டும் ஏன் நடக்கவில்லை? 1996-ல் முடியாதது 2006-ல் முடிந்ததே, நடுவில் எது மாறியது? ஜாதி ஒழிந்தா போயிற்று?"

இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொண்டு, பரீட்சகர் ஜாதி வெறியர் என்று சொல்லி வெளியே வந்தால் நாம் தோற்றோம். அந்த ஊர்களில் நிலம் யார் கையில் இருக்கிறது, கூலி யார் கொடுக்கிறார்கள், தேர்தலில் நின்றவனுக்கு மறுநாள் வேலை கிடைத்ததா, அரசாங்க அதிகாரி எந்த வருஷம் என்ன செய்தார் என்று நடந்து போய் விசாரித்து எழுதியிருந்தால், பதில் கையில் இருக்கும். அதே மதுரை ஜில்லா மேலவளவில், தேர்தலில் ஜெயித்துத் தலைவராக இருந்த முருகேசன் 1997 ஜூன் 30-ல் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். மற்ற ஊர்களில் மனுப்போட ஏன் அஞ்சினார்கள் என்பதற்கு இதுவும் ஒரு ருஜு ஆகுமா என்று தேதி வாரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜாதிதான் காரணம் என்ற நம் முடிவு அப்போது கோஷமாக இராது. யாரும் அசைக்க முடியாத உண்மையாக நிற்கும். தாம் சொல்வதையும் யோசித்துப் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பெரியார் வாழ்நாள் முழுவதும் சொன்னாரே, அதை மேடைக்கு மட்டுமா சொன்னார்?

இனி, பரீட்சகர்களுக்கும் ஒரு வார்த்தை. கேள்வி கேட்பது உங்கள் உரிமை. ஆனால் எதைக் கேட்கிறீர்கள் என்பதில் நியாயம் வேண்டும். முதல் தலைமுறையாகப் படித்து வந்த பிள்ளையிடம் கட்டுரையை விட்டுவிட்டு, அப்பா என்ன தொழில், எந்தத் தெரு, இங்கிலீஷ் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பது பரீட்சை ஆகாது; அது பழைய வருணப் பரீட்சை. ஆகவே நாம் கோருவது மூன்று. 1. எம்.ஏ. வாய்மொழிப் பரீட்சையையும், டாக்டர் பட்டத்துக்கு நடப்பதுபோல, யாரும் வந்து கேட்கும்படி பொதுவில் நடத்த வேண்டும். 2. கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும், மார்க்கு போட்ட காரணத்தையும் எழுதி வைத்து, மாணவன் கேட்டால் காட்ட வேண்டும். 3. தமிழில் எழுதவும் தமிழில் பதில் சொல்லவும் தாராளமாக இடம் கொடுக்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாதவனுக்குப் புத்தி இல்லை என்று யார் சொன்னது?

இளைஞர்களுக்கு நாம் சொல்வதெல்லாம் இதுதான். ஆசிரியரை மதியுங்கள், காலில் விழாதீர்கள். கட்டுரையை நீங்களே எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தை, உங்கள் ஊர் ரேஷன் கடையை, உங்கள் ஊர்க் கோயில் நிலக் கணக்கை எடுத்து ஆராயுங்கள். எதிர்க்கேள்வி வந்தால் பயப்படாதீர்கள். நம்மைக் கேள்வி கேட்கிறவன் நம்மைத் தனக்குச் சமமாக நினைத்துத்தான் கேட்கிறான். ஆயிரக்கணக்கான வருஷமாக நம்மைப் பார்த்து ஒருவரும் கேள்வி கேட்டதில்லை; கட்டளைதான் இட்டார்கள். இன்று கேள்வி வருகிறது என்றால் அது நமக்குக் கிடைத்த மரியாதை. அதற்குத் தகுந்த பதில் சொல்லும் யோக்கியதையைத் தேடிக்கொள்வதே சுயமரியாதை.