தலைவலிதானே என்று தள்ளிப் போடலாமா?

வணிகர்களாகிய நமக்குத் தலைவலி புதிதல்ல. வர வேண்டிய பாக்கி வராவிட்டால் தலைவலி, கொள்முதல் செய்த மறுநாளே சரக்கு விலை இறங்கினால் தலைவலி, ஜி.எஸ்.டி. கணக்கில் ஓர் எண் மாறிப் போனால் அதுவும் தலைவலி. எதற்கெடுத்தாலும் இந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி, உண்மையான தலைவலி வரும்போதுகூட அதை ஒரு பொருட்டாக மதிக்காத நிலைக்கு வந்துவிட்டோம். அதுவும் வலி நமக்கு இல்லாமல் வீட்டில் இருப்பவருக்கு என்றால், "மாத்திரை போட்டுக்கொண்டு படு" என்று போனில் சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஆனால் ஒருவகைத் தலைவலிக்கு இந்தப் பழமொழி பொருந்தாது. அந்த வலியில் இருப்பவர் அதை எடைபோடும் நிலையில் இருக்க மாட்டார். பக்கத்தில் இருப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும். மனைவிக்காகக் கணவன், கணவனுக்காக மனைவி, கடையில் என்றால் கூட்டாளிக்காகக் கூட்டாளி. இதை நம் சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாத் தலைவலிக்கும் மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காலையில் லேசாகத் தொடங்கி மாலைக்குள் மெல்ல ஏறும் வலி, பசியில் வரும் வலி, தூக்கம் கெட்டால் வரும் வலி, மாதம் இருமுறை வந்து போகும் ஒற்றைத் தலைவலி இவையெல்லாம் நமக்குப் பழைய வாடிக்கையாளர்கள். எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், எதைக் கொடுத்தால் போகும் என்பது நமக்குத் தெரியும். நான் சொல்வது முன்பின் அறியாத புது ஆளைப் பற்றி.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். வலி தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடுகிறது. "என் ஆயுளில் இப்படி ஒரு வலி வந்ததில்லை" என்கிறார். இடி விழுந்தது போல வருவதால் மருத்துவர்களும் இதை இடியின் பெயராலேயே அழைக்கிறார்கள். மூளையின் இரத்தக் குழாயில் ஓரிடம், பழைய சைக்கிள் டியூப் புடைப்பது போலப் புடைத்து வெடித்து, மூளையைச் சுற்றி இரத்தம் கசிவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தப் புடைப்பு வெடிக்கும் வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. உயர் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் அதற்குத் துணை போகின்றன. ஐம்பதை ஒட்டிய வயதில் அதிகம் வரும். ஆனால் இளையவர்களையும் விடுவதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகம்.

இதில் நம்மை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. முதல் கசிவு சில சமயம் தானாகவே நின்றுவிடும். வலியும் குறையும். "பார்த்தாயா, மாத்திரை கேட்டுவிட்டது" என்று நாம் நிம்மதி அடைவோம். ஆனால் அதே இடம் மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாவது வெடிப்பு முதலாவதைவிடக் கொடியது. ஆகவே வலி குறைந்தது என்பதை வைத்து ஆபத்து நீங்கியது என்று கணக்கெழுதக் கூடாது.

எங்கள் கடைத்தெருவில் ஒரு மண்டிக்காரர். பொங்கலுக்கு முந்தைய வாரம், கடையில் நிற்க இடமில்லை. மதியம் வீட்டிலிருந்து போன் வந்தது. மனைவிக்குத் திடீரென்று தாங்க முடியாத தலைவலி, இரண்டு முறை வாந்தி. "பித்தமாக இருக்கும். படுத்திரு, கணக்கு முடித்துவிட்டு வருகிறேன்" என்றார். வீடு போய்ச் சேரும்போது இரவு பத்து மணி. அந்த அம்மையார் பிழைத்தார். ஆனால் இருபது ஆண்டுகளாக அந்தக் கடையின் பேரேட்டை எழுதிய வலது கை இன்று எழுதுவதில்லை. மண்டிக்காரர் மனைவி மீது அக்கறை இல்லாதவர் அல்லர். நம்மில் எத்தனை பேர் அன்றைக்கு வேறுவிதமாகப் பதில் சொல்லியிருப்போம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

"பயந்து ஓடிப் போய், ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் பணமும் நேரமும் தண்டம்தானே?" என்று சிலர் கேட்கலாம். வியாபாரிக்குரிய கேள்விதான். வியாபாரக் கணக்காகவே பார்ப்போம். நெதர்லாந்தில் நடந்து 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், திடீர்க் கடுந்தலைவலியோடு குடும்ப மருத்துவர்களிடம் வந்த 148 பேரில் 37 பேருக்கு இந்த இரத்தக் கசிவு இருந்தது. அதாவது நான்கில் ஒருவருக்கு. தலைவலி தவிர வேறு அறிகுறியே இல்லாதவர்களில்கூட ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவருக்கு இருந்தது. எட்டு மூட்டையில் ஒரு மூட்டை மோசம் என்று தெரிந்தால் பிரித்துப் பார்க்காமல் சரக்கை இறக்குவோமா? ஸ்கேன் செலவு ஒருநாள் நட்டம். போகாமல் இருந்து அது உண்மையாகிவிட்டால் முதலுக்கே மோசம்.

வேறொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஓவியர் ஒருவர் தம்மை வரைவதற்காக அமர்ந்திருந்தபோது, பின்தலையில் கடுமையாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். சில மணி நேரத்தில் மூளை இரத்தக் கசிவால் உயிர் பிரிந்தது. அன்று சி.டி. ஸ்கேன் கிடையாது, மனித மூளை முதன்முதலாக அப்படிப் படம் பிடிக்கப்பட்டது 1971-ல்தான். உலகின் பெரும் பதவியில் இருந்தவருக்குக் கிடைக்காத அந்த வசதி இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. வெடித்த புடைப்புக்குக் கிளிப் போடவும், மெல்லிய குழாய் வழியே கம்பிச் சுருள் வைத்து அடைக்கவும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நம் மாநிலத்துக்கு இது புதிதும் அல்ல. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறை 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில்தான் தொடங்கியது. இவ்வளவும் இருந்தும் ஷட்டரை இறக்க மனம் வராமல் உயிரை இழந்தால் அதை விதி என்று சொல்ல முடியுமா?

சரி, எப்போது புறப்பட வேண்டும்? ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட வலி என்றால் வேறு அறிகுறி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அது ஒன்றே போதும். மூட்டை தூக்கும்போதோ, முக்கும்போதோ, இருமும்போதோ, தாம்பத்திய உறவின்போதோ பட்டென்று வந்த வலியும் இதில் சேரும். பின்னது என்றால் கூச்சப்பட்டு மறைப்பவர்கள் உண்டு; மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

தலைவலியோடு ஒரு நொடி மயங்கினாலும், வலிப்பு வந்தாலும், வாய் கோணினாலும், கை கால் தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், ஒரு கண்ணின் இமை தொங்கினாலும், பார்வை இரண்டாகத் தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலோடு கழுத்தை மடக்க முடியாமல் விறைப்பு இருந்தாலும், தலையில் அடிபட்ட பின் வலி கூடிக்கொண்டே போனாலும் அப்படியே. கர்ப்பிணிகளுக்கும் பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்களுக்கும் கடுந்தலைவலி வந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு உலை வைக்கும் அளவுக்கு ஏறியிருக்கலாம். இன்னொன்று கடைக்காரர்களுக்கே உரியது. அடைத்த இடத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி வந்தால் அது நச்சுப் புகை. முதலில் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

புறப்படும் முன் வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேன் கசிவைத் தவறவிடுவது மிக அரிது. நேரம் ஆக ஆக அந்த உறுதி குறையும். அதனால் தாமதமாக வந்தவர்களுக்கு ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லலாம். பயந்து மறுக்காதீர்கள். நோயாளியை டூவீலரின் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம்; 108-ஐ அழையுங்கள். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுத் திரும்புவதில் பயனில்லை. ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கே போக வேண்டும். காப்பி, சாப்பாடு எதுவும் கொடுக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை, குறிப்பாக இரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால், கையோடு எடுத்துச் செல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும், "தலைவலி" என்று மட்டும் சொல்லாமல், "ஒரு நிமிடத்தில் உச்சத்துக்குப் போன வலி, இன்ன நேரத்தில் வந்தது" என்று சொல்லுங்கள். வரிசையில் உட்கார வைப்பதா, உடனே உள்ளே அழைப்பதா என்பதை அந்த ஒரு வாக்கியம் முடிவு செய்யலாம்.

மருந்துக்கடை நடத்தும் உறுப்பினர்களுக்கும், மளிகைக் கடையிலும் பெட்டிக் கடையிலும் தலைவலி மாத்திரை விற்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாராவது அவசரமாக மாத்திரை கேட்டால், "எப்போது வந்தது? திடீரென்று வந்ததா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஆம் என்றால் மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவமனைக்கு வழி காட்டுங்கள். இரத்தக் கசிவு உள்ளவருக்கு ஆஸ்பிரின் மேலும் கேடு செய்யும். ஒரு அட்டை மாத்திரையில் நமக்குக் கிடைக்கும் லாபம் எவ்வளவு? விற்காமல் விட்ட அந்த மாத்திரை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

சங்க நிர்வாகிகளும் சிலவற்றைச் செய்யலாம். நம் ஊரில் 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனைகள் எவை என்று விசாரித்து, ஓர் அட்டையாக அச்சிட்டு ஒவ்வொரு கடையின் கல்லாவுக்குப் பக்கத்திலும் ஒட்டச் செய்யலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத் தகுதியுள்ள சிறு கடைக்காரர்கள் அட்டை வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரத்துக்குக் கடையை விட்டுப் போகிறவரின் சாவியை வாங்கிக்கொண்டு, அவர் வரும் வரை பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்வது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தலாம். போட்டிக் கடையாக இருந்தாலும் சரி.

உரிமைக்காக மே 5-ஆம் நாள் ஒன்றாகக் கடையடைக்கத் தெரிந்தவர்கள் நாம். வீட்டில் ஓர் உயிர் துடிக்கும்போது தனியாகக் கடையடைக்க ஏன் தயங்க வேண்டும்? பண்டிகை வியாபாரம் அடுத்த ஆண்டும் வரும். விட்டுப்போன வாடிக்கையாளரை விலை குறைத்தாவது திரும்பப் பிடித்துவிடலாம். எந்த விலைக்கும் கொள்முதல் செய்ய முடியாத ஒன்று வீட்டில் இருக்கிறது. திடீர்த் தலைவலி என்று போன் வந்தால் "படுத்திரு" என்று சொல்லாதீர்கள். "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.