பவரில் வாங்கிய வீடு

தில்லியில் குடியேறிய நம்மவர்களில் பலர் 'சொந்த வீடு' என்று சொல்லிக்கொள்ளும் வீடு, சட்டத்தின் கண்ணில் இன்னும் அவர்கள் வீடு ஆகவில்லை. இப்படி எழுதுவதால் சில அன்பர்களுக்கு என்மேல் கோபம் வரலாம். பரவாயில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஜனக்புரியிலும் மயூர் விஹாரிலும் டி.டி.ஏ. ஃபிளாட்டை 'பவரில்' வாங்கியவர்கள், அந்தக் காகிதக் கட்டை ஒருமுறை பீரோவிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பவரில் வாங்கும் பழக்கம் ஏன் வந்தது என்பது இங்கே பலருக்கும் தெரியும். அந்த ஃபிளாட்டுகள் குத்தகை உரிமையில் கொடுக்கப்பட்டவை. ஒதுக்கீடு பெற்றவர் நினைத்தபடி விற்க முடியாது. அனுமதி வாங்க வேண்டும். உயர்ந்த மதிப்பில் ஒரு பங்கையும் அரசுக்குக் கட்ட வேண்டும். இந்தச் செலவைத் தவிர்க்க பிராபர்ட்டி டீலர்கள் குறுக்கு வழி ஒன்றைக் கண்டார்கள். விற்பனை ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம், உயில், ரசீது, பிரமாணப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, சாவியையும் கொடுத்துவிடுவார்கள். விற்பனைப் பத்திரம் மட்டும் இருக்காது. கட்டு கனமாக இருப்பதால் வாங்கியவருக்கும் மனம் நிறைந்துவிடும்.

அந்தக் கட்டைப் பிரித்துப் பார்ப்போம். விற்பனை ஒப்பந்தம், விற்கிறேன் என்று சொல்லும் வாக்குறுதிதான். அதனால் மட்டும் சொத்தில் எந்த உரிமையும் உண்டாகாது என்று 1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவே சொல்கிறது. அதிகாரப் பத்திரம், ஒருவர் தம் சார்பில் செயல்பட மற்றவரை நியமிப்பது. கொடுத்தவர் காலமானாலோ, வாங்கியவர் காலமானாலோ பொதுவாக அது முடிந்துபோகும். பணம் பெற்றுக்கொண்டு கொடுத்த பவர் அப்படி முடியாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆவது பிரிவைக் காட்டி டீலர் சமாதானம் சொல்வார். வாதாடலாம்தான். ஆனால் அன்றைக்குக் கோர்ட்டுப் படியேறி வாதாட வேண்டியவர் டீலர் அல்ல, உங்கள் மனைவி.

உயில் இன்னும் வேடிக்கை. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். விற்றவர் நல்லவராக இருந்து மாற்றாமலே விட்டாலும், அவருக்கு முன்னால் வாங்கியவர் போய்விட்டால் அந்த உயில் பொதுவாகப் பலிக்காது. பயன் வாங்கியவரின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது. விற்றவரைவிட நாம் அதிக நாள் இருப்போம் என்ற நம்பிக்கையில் வாங்கிய வீடு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ஒப்பந்தம், பவர், உயில் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் விற்பனையால் உரிமை மாறாது; பதிவு செய்த பத்திரத்தால்தான் மாறும். அதே தீர்ப்பில் ஓர் ஆறுதலும் உண்டு. ஏற்கெனவே இந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டிருப்பவர்கள், அவற்றின் பேரில் முறைப்படி பத்திரம் பெறவோ, டி.டி.ஏ. போன்ற அமைப்புகளிடம் ஒழுங்குபடுத்திக்கொள்ளவோ வழி திறந்தே இருக்கிறது.

"முப்பது வருஷமாக இருக்கிறோம், ஒருத்தர் வந்து கேட்டதில்லையே" என்று சொல்கிறவர்கள் உண்டு. வீட்டு வரி ரசீது என் பெயரில், கரண்ட் பில் என் பெயரில் என்பார்கள். வரி வாங்குகிறவர் யார் கட்டுகிறார் என்று பார்ப்பார். யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. நான் உத்தியோகம் பார்த்த இடத்தில், ஒற்றைப் பாதையில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். கண்ணுக்கு எட்டிய தூரம் பாதை காலியாகத்தான் இருக்கும், அதனால் என்ன? இந்த வீடுகளில் கேள்வி எழுவது நாம் குடியிருக்கும்போது அல்ல. பிள்ளை விற்கப் போகும்போதும், பெண் அதன்மேல் வங்கிக் கடன் கேட்கும்போதும்தான். ரயில்வேக்காரர்கள் பெரும்பாலும் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிவிட்டு கிராஜுவிட்டிப் பணத்தில் வீடு வாங்குகிறவர்கள். அந்தப் பணம் இரண்டாவது முறை வராது.

செய்யக்கூடியது இருக்கிறது. 1992-இல் குத்தகை உரிமையை முழு உரிமையாக, அதாவது ஃப்ரீ ஹோல்டாக மாற்றிக்கொள்ளும் திட்டம் வந்தது. அதில் பவர் வைத்திருப்பவரும் விண்ணப்பிக்க இடம் வைத்தார்கள். வழக்கமான கட்டணத்துக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். முதல் ஒதுக்கீட்டாளரிலிருந்து உங்கள்வரை காகிதங்கள் சங்கிலியாக வர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் சிரமம். ஆகவே விற்ற மனிதர் உயிரோடு, கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே அவரைத் தேடிப் பிடியுங்கள். அவருக்கு எண்பது வயது ஆகியிருக்கும். அவர் காலத்துக்குப் பிறகு மூன்று ஊர்களில் இருக்கும் ஐந்து வாரிசுகளிடம் கையெழுத்து வாங்குவது எப்படிப்பட்ட வேலை என்பதைப் பட்டவர்களிடம் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத காலனிகளில் இருப்பவர்களுக்கு 2019-இல் தனிச் சட்டமே வந்தது. அங்கே பவர் காகிதங்களின் பேரிலேயே உரிமை பெற வழி செய்திருக்கிறார்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஓரிரு வார்த்தை. நகலைக் காட்டினால் மூலப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள். அது வங்கியில் அடமானமாக இருக்கலாம். 2011-இல் தொடங்கிய 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவேட்டில், சிறு கட்டணம் கட்டி அதைத் தேடிப் பார்க்கலாம். 'பயானா' என்று இங்கே சொல்லும் முன்பணத்தையும் காசோலையாகவே கொடுங்கள். 2015 ஜூன் முதல் வீடு, மனை விற்பனையில் இருபதாயிரம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது சட்ட விரோதம். விலை ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ என்றால், ஒரு சதவீதம் பிடித்து வருமான வரியில் கட்ட வேண்டிய பொறுப்பு வாங்குகிறவருடையது.

பவர் விஷயத்தில் நாம் மறுபக்கத்திலும் நிற்கிறோம். ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டை விற்க, லீவு கிடைக்கவில்லை என்று தம்பிக்கோ மைத்துனருக்கோ பொது அதிகாரம் எழுதிக் கொடுக்கிறோம். தம்பிமேல் சந்தேகமா என்று கேட்காதீர்கள். அந்தப் பத்திரம் தம்பியோடு நிற்பதில்லை. அதை நம்பி யாரோ ஒருவர் பணம் கொடுக்கிறார். எந்தச் சொத்து, யாருக்கு, என்ன விலைக்கு என்று குறிப்பிட்டு அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் தனி அதிகாரம் கொடுப்பதே முறை. பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்யும் அதிகாரமும் அதில் இருந்தால், நோட்டரி முத்திரை போதாது. நீங்கள் வசிக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன் கையெழுத்திட்டு அவரிடம் சான்று பெற வேண்டும். பதிவுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முன்பே பொது அதிகாரம் கொடுத்து, காரியம் முடிந்த பிறகும் அது ஊரில் யார் பெட்டியிலோ கிடக்கிறது என்றால், ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, ஒரு நகலைத் தம்பிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.